பணக்காரன் வரி

"பணக்காரனுக்கு வரியை ரெண்டு மடங்கா ஏத்தணும்! பள்ளிக்கூடம் ஒழுகுது, ஆஸ்பத்திரியில மருந்தில்ல!"

கோவில்பட்டித் தேர்தல் மேடையில் தீப்பெட்டி ஆலை முதலாளி அய்யாத்துரை போட்ட சத்தத்தில், பல மைல் தள்ளிப் புதூர்ப் பக்கம் மேய்ந்த ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தனவாம்.

கைதட்டிக் கை சிவந்த டிரைவர் மணிராஜ், திரும்பும் வழியில் கேட்டான்.

"உங்களுக்குத்தான அண்ணாச்சி வரி கூடும்?"

"எனக்கென்னலே இருக்கு? போன வருசம் போனஸுன்னு உன்கிட்ட கையெழுத்து வாங்கினேம்லா? ஆலை, பங்களா, இந்தக் கார், எல்லாம் உன் பேர்லதான் கெடக்கு. ஓட்டு எனக்கு விழும், வரி உனக்கு விழும். கட்டலைன்னா உன்னையத்தான் புடிப்பாவ!"

சிரித்தார்.

மணிராஜுக்கு உச்சந்தலை கொதித்தது. கொட்டும் மழையில், முழங்கால் வரை உள்ளே வாங்கும் கரிசல் சகதிக்கு நடுவே போன ரோட்டில் வண்டியை நிறுத்தினான்.

"அப்பம் கார் என்னுதா அண்ணாச்சி?"

"ஆமாலே."

"எறங்கும்வே கீழ!"