மோதிரத்துக்குள் பமீலா

மோதிரங்களில் இங்கிலீஷ் பெயர்களை ஹீப்ரு எழுத்தில் பொறித்துக் கொடுப்பதுதான் அந்தக் கடைக்காரருக்குப் பிழைப்பு. யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதற்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். கழுத்து வலிதான் மிச்சம்.

கடை மூடும் நேரத்தில் ஒரு பெண் துணிப்பெட்டியோடு வந்து, ஒரு மோதிரத்தை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர் மோதிரம். உள்பக்கம் உங்க போர்டுல இருக்கிற எழுத்து மாதிரியே இருக்கு. என்ன பேருண்ணே? அவரைக் கேட்டா, சும்மா டிசைன்னு மழுப்பறார்."

"டிசைனாவும் இருக்கலாம்மா." கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறதா, திரும்பிப் போறதான்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். மறைக்காதீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். இந்தத் தொழிலில் அவர் சேர்த்துவைத்த குடும்பம் ஒன்றுகூட இல்லை.

"பமீலா."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவசரமாகத் தண்ணீர் கொடுத்தார். "கூட வேலை பாக்கறவங்களா இருக்கும்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அது நான்தாண்ணே."

"நீங்களா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி கால் சென்டர்ல இருந்தேன். அங்க எல்லாருக்கும் ஒரு இங்கிலீஷ் பேர் வெச்சாங்க. இவர் நெட் வரலைன்னு போன் பண்ணார். நெட் வந்தப்புறமும் பண்ணிக்கிட்டே இருந்தார். மாமியார் படிச்சா கேலி பண்ணுவாங்கன்னு இப்படி எழுதியிருக்கார் போல. கூச்சம் பிடிச்ச மனுஷன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனை போனில் அழைத்தாள்.

"வணக்கம் சார், பமீலா பேசறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"



"கல்யாணத்துலேருந்து ஹோல்டுலயே இருக்கேன் மேடம்," என்றது அந்தப் பக்கம் ஒரு களைத்த குரல்.