மருந்துக் குப்பியில் முளைத்தது

ஓசூர் ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயிலில் விஞ்ஞானி ஜோதிமணி இரண்டு கண்ணாடிக் குப்பிகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். இரண்டிலும் ஒரே நோயாளியின் சளி. ஒன்றில் மட்டும் காசநோய் மருந்து கலந்திருக்கிறது. அதில் எதுவுமே முளைத்திருக்கக் கூடாது. ஆனால் இரண்டிலும் ஒரேபோல, ரவை ரவையாகக் கிருமி படர்ந்திருக்கிறது; மருந்துக்கு அது பழகிவிட்டது. குப்பிகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புகிறாள். அந்த நோயாளி, பாகலூர்த் திம்மப்பன், கம்பெனிச் சட்டையோடு வாசலில் நிற்கிறான். “மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்ட்டீங்களா?” என்கிறாள். “ஒருநாள் தப்பலீங்க மேடம். ஆளுக்குப் பாதின்னு ஒடச்சுக்குவோம். சம்சாரத்துக்கும் இருமலுங்களே!” வெளியே புங்கமரத்தடியில் அவன் மனைவி நஞ்சம்மா இருமுகிறாள். அது ஓய்ந்ததும் அவள் மடியிலிருந்து, சின்னதாக, இன்னொரு இருமல் கேட்கிறது.