ஏழாம் நம்பர் வில்லை

வாத்தியார் சபாபதியை ரப்பர் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் யாராவது ஆற்றில் தத்தளித்தால் வீசுவதற்கென்று அவரே கூலாய் டவுனுக்குப் போய் வாங்கி வந்த கயிறு அது. இப்போது அவருடைய நெஞ்சைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுமய்யா! புள்ள தண்ணியில போயி எம்புட்டு நேரமாச்சு?" என்று கங்காணி செல்லப்பன் உறுமினார்.

"தெரியலீங்க. நான் பலகையப் பாக்கும்போது வில்லை மட்டும் தொங்குச்சு."

"தெரியலையாம்! புள்ளைங்கள ஆத்துல எறக்கிவிட்டுட்டு இவரு மேல பாத்துக்கிட்டு நின்னாராம்!"

போன வருஷ வெள்ளத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் சபாபதி துரையின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை நீச்சல் பயிற்சிக்கு அனுமதி வாங்கினார். துரை சும்மா கொடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்தாலும் வேலை போகும், வழக்கும் வரும் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தலையாட்டினார்.

சபாபதியும் தன் பங்குக்கு ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. ஆற்றின் குறுக்கே மூங்கில் தடுப்பு, கரையில் கயிறு, பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களின் படகு எல்லாம் இருந்தன. பலகையில் பதினாலு ஆணி அடித்து, பதினாலு பிள்ளைகளுக்கும் நம்பர் போட்ட தகர வில்லை கொடுத்திருந்தார்.

ஆற்றில் இறங்கும்போது வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். ஏறியதும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் பிள்ளை இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு கங்காணிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், முகத்தைப் பார்க்காமல் வரிசையில் இருக்கும் ரப்பர் பால் வாளிகளை எண்ணியே இருபது வருஷம் ஓட்டியவர் அவர். வாளி இருந்தால் ஆள் இருக்கிறது. அவருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இன்று விசில் ஊதியதும் பதின்மூன்று ஆணிகள் காலியாயின. ஏழாம் நம்பர் மட்டும் தொங்கியது. வெள்ளையம்மாவின் மகள் புஷ்பவள்ளியுடைய வில்லை. அவளை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதற்குப் பயந்துபோன பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"வர்ற வெள்ளிக்கெழம எனக்குக் கழுத்த நீட்ட வேண்டிய பொண்ணுய்யா அது!" கங்காணியின் குரல் உடைந்தது.

கங்காணிக்கு ஐம்பது வயது. ஏற்கனவே இரண்டு முறை மாப்பிள்ளை ஆனவர். பெண்ணுக்குப் பதினாலுதான் ஆகிறது என்று லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் கங்காணி கையில் இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

படகில் போனவர்கள் மூங்கில் கழியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை கழி எதிலாவது தட்டுப்படும்போதும் கரையில் நின்ற பெண்கள் "ஐயோ" என்றார்கள். சபாபதியின் காலில் முசுறு எறும்பு ஏறிக் கடித்தது. குனிந்து தட்டிவிடக்கூட வழியில்லை.

அவர் ஜெயிலுக்குப் போனால் வீட்டில் இருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணி மனைவியை யார் பார்ப்பார்கள்? அவருக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது.

"மணி என்னங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"ஏன், போலீசு எப்ப வரும்னு நடுக்கமா? தொர காடி போயிருக்கு. வெலங்கோட வந்துருவாங்க." கங்காணி அருகில் வந்து கயிற்றை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். "கடைசியாக் கேக்குறேன். நடந்தத ஒளிக்காமச் சொன்னா அவுத்து விடச் சொல்றேன். என்ன நடந்துச்சு?"

சபாபதி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்போதுதான் வெள்ளையம்மா சடக்குப் பாதை வழியாக ஓடி வந்தாள். முந்தானை மண்ணில் புரண்டது, மூச்சு இரைத்தது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. பெற்றவளின் ஆத்திரத்துக்கு முன்னால் கங்காணியே இரண்டடி பின்வாங்கினார்.

வந்த வேகத்தில் வாத்தியாரின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள். கங்காணிக்கு அதில் ஒரு திருப்தி.

"படுபாவி! எம்மவள எங்கய்யா விட்டே?" என்று அலறி, அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, கட்டுண்டு கிடந்த நெஞ்சிலேயே தலையை முட்டிக்கொண்டு கதறினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் வாய் அவர் காதை ஒட்டி வந்தது.

"நீங்க சொன்னபடியே புள்ளய எந்தம்பியோட ரயில் ஏத்திட்டேன், வாத்தியாரே."