எம்-மில் தொடங்கும் வினைச்சொற்கள்

"சும்மா இருந்ததுக்கு எம்-ல ஒரு வார்த்தை இருந்தாப் போடுங்க மேடம்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

வேலை தேடுகிறவர்களுக்கு ரெஸ்யூமே எழுதித் தரும் கடை அது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இவற்றைக் கட்டி மேய்க்க அவள் ஒருத்தி.

அவளிடம் இருபத்தாறு பக்க நோட்டு ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், பக்கம் முழுக்க வினைச்சொற்கள். எக்ஸ் பக்கத்தில் மட்டும் ஜெராக்ஸ் எடுப்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

ஒரு ஆளுக்கு ஒரே எழுத்து, எல்லா வரியும் அதிலேயே ஆரம்பிக்க வேண்டும். இது அவளே கண்டுபிடித்த முறை. அப்படி எழுதினால் படிக்கிறவர் கண் வழுக்கிக்கொண்டு கடைசி வரிக்குப் போய்விடும், நடுவில் நின்று யோசிக்க மாட்டார்.

இவருக்கு எம்.

"சும்மான்னா, எப்படி சும்மா?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம் அக்கா வீட்ல இருந்தேன். அக்கா பையன் துணைக்கு இருந்தான்."

"அவனுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"அவன்தான் எனக்கு செல்போன்ல போட்டோ அனுப்பச் சொல்லிக் குடுத்தான்."

'மென்டர்டு', அதாவது வழிகாட்டினார், என்று தட்டினாள். யார் யாருக்கு என்பதை இன்டர்வியூவில் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

"அதுக்கு முன்னாடி?"

"கார் பார்க்கிங்ல நாலு வருஷம். 'வா, வா, வா, போதும்'னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை."

'மேனேஜ்டு' போட்டு, பக்கத்தில் தினம் முந்நூறு வாகனங்கள் என்று சேர்த்தாள். "ரெண்டு கார் இடிச்சுக்கிட்டு சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பாத்ரூம் போயிடுவேன் மேடம். திரும்பி வர்றதுக்குள்ள அவங்களே பேசி முடிச்சிருப்பாங்க."

'மீடியேட்டட்' என்று தட்டினாள். ஒருவர் இல்லாமல் இருந்தே சமாதானம் செய்து வைத்தால் அதுவும் திறமைதானே.

வாடிக்கையாளரைவிட அவளுக்குத்தான் அவசரம். மூன்று மாதச் சோதனைக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. இதுவரை அவள் எழுதிக் கொடுத்த முப்பத்தொரு பேரில் ஒருத்தருக்கும் வேலை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

முதலாளி நகரின் இன்னொரு மூலையில் இருக்கும் பெரிய ஆபீசில் உட்கார்ந்திருப்பவர். இந்தக் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, எல்லாம் போனில்தான். "திங்கக்கிழமைக்குள்ள நீ எழுதின பேப்பர்ல ஒருத்தருக்காவது வேலை கிடைக்கணும்மா. இல்லைன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்" என்று முந்தாநாள்தான் சொல்லியிருந்தார்.

அவள் இருப்பது அண்ணன் வீட்டில். இரண்டு வருடத்தில் மூன்று வேலை போயாகிவிட்டது. நான்காவதும் போய்விட்டது என்று அண்ணி முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு நிஜமாகவே தெம்பில்லை.

ஆகவே இந்த மனிதருக்கு வேலை கிடைத்தே ஆக வேண்டும். எம் பக்கத்தை அவள் சக்கையாகப் பிழிந்தாள். மெயின்டெயின்டு, மானிட்டர்டு, மோட்டிவேட்டட், மேக்ஸிமைஸ்டு. 'வா, வா, போதும்' சொன்னவர், படித்து முடித்தபோது விமான நிலையத்தையே நடத்தினவர் மாதிரி தெரிந்தார்.

"எந்தக் கம்பெனிக்குப் போறீங்க?"

"முதல்ல கிடைக்கட்டும் மேடம். முன்னாடியே வாய்விட்டுச் சொன்னா எனக்கு எதுவும் நடக்காது."

பேப்பரை வாங்கி ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். விரல் கடைசியில் நின்றது. "அடியில சின்னதா உங்க கடை பேர் வருதே, அதை மட்டும் எடுத்துடுங்களேன். ஆள் வெச்சு எழுதினதுன்னு தெரிஞ்சா மதிப்பு போயிடும்."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. எடுத்துவிட்டு வேறு பிரதி கொடுத்தாள். "நல்லபடியா கிடைக்கும், போயிட்டு வாங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மற்ற முப்பத்தொரு பேருக்கு அவள் எழுந்துகூட நின்றதில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, மேசையைத் துடைத்து, உட்கார்ந்தாள். போனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில்.

"கிடைச்சிடுச்சு மேடம்!"

அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நிஜமாவா? என்ன சொன்னாங்க?"

"பேப்பரைப் பார்த்து மனுஷன் அசந்துட்டார். ஒண்ணுக்கு ரெண்டு தரம் படிச்சார். 'யார் எழுதினது?'ன்னு கேட்டார்."

"நீங்க?"

"நானேதான்னேன். 'அப்போ வேற கேள்வியே வேணாம், நான் தேடிக்கிட்டிருந்த ஆள் நீதான்'னுட்டார். இன்னிக்கே சேரச் சொல்லிட்டார்."

பிழைத்தோம் என்று நினைத்தாள். தலைமேலிருந்த பாரம் அப்படியே இறங்கியது. சாயங்காலம் அண்ணியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். முதலில் முதலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டும். ரெஜிஸ்டரைத் திறந்து, முப்பத்திரண்டாவது வரியில் பேனாவை வைத்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க சார், எந்தக் கம்பெனி?"

அவர் தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்தார். தோளிலிருந்த பையைக் கழற்றினார்.

"கொஞ்சம் எழுந்திரிச்சீங்கன்னா நான் உட்கார்ந்துடுவேன், மேடம்."