ஓர் அடியில் தோற்பவள்

பியூலா குனிந்து பந்தைப் பார்த்தாள். குழி நாலு முழம் தள்ளி இருந்தது.

இது போனால் ஜெயிப்பாள். ஜெயித்தால் வேலை போகும்.

முகர்ஜி தன் ஆட்டத்தை முடித்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி ஒதுங்கி நின்றார். கல்கத்தாவில் ஒரு பெரிய கம்பெனிக்குச் சாமான் வாங்கிப்போடும் அதிகாரி. அவருக்குப் பின்னால் குடை பிடித்து நின்ற லோகநாதன்தான் பியூலாவின் முதலாளி. குரோம்பேட்டையில் ரப்பர் பெல்ட் தொழிற்சாலை வைத்திருந்தார். பெல்ட் வாங்க வருகிறவர்களைக் கிண்டிப் பக்கம் இந்த மைதானத்துக்கு அழைத்து வருவார். பியூலா அவர்களோடு கோல்ஃப் ஆடுவாள். தோற்பாள்.

அதுதான் உத்தியோகம்.

அப்பா அசரியா தாம்பரம் விமானப்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தபோது, அதிகாரிகளின் மனைவிமார் பொழுதுபோகாமல் கற்றுக்கொடுத்த ஆட்டம். அவர்கள் மாற்றலாகிப் போனார்கள். ஆட்டம் இவளிடம் தங்கிவிட்டது. கோல்ஃப் ஆடுகிற பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க, இந்த 1974-லும், மெட்ராஸில் லோகநாதன் ஒருவர்தான் கிடைத்தார்.

தோற்பது லேசில்லை. குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போட்டவர் ஜெயித்தவர். பத்து அடி கூடுதலாக அடித்துத் தோற்றால் விருந்தாளிக்கு ருசிக்காது. ஒரே அடியில் தோற்க வேண்டும்; அதுவும் கடைசிக் குழி வரை இழுத்துக்கொண்டு போய். ஜவுளிக்கடைக்காரன் “உங்க முகத்துக்காகக் குடுக்குறேன்” என்று தலையில் கைவைத்துக்கொள்வானே, அந்த மாதிரி. வாங்கினவன் கடைக்காரனை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போவான். தீபாவளிக்கு மறுபடி வருவான்.

பியூலாவை ஜெயித்தவர்கள் எல்லோரும் மறுபடி வந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கூடவே வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு ஜெயசீலி, ஷோகேஸை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னக்கா, இத்தனை வருஷமா ஆடுறீங்க, ஒரு கப்பு கூடக் காணோம்? எல்லாத்தையும் பேங்க் லாக்கர்ல வெச்சிட்டீங்களா?”

பியூலா சிரித்துவிட்டு டீ போடப் போனாள். அந்த டீயில் சர்க்கரை இல்லை என்று ஜெயசீலி சொல்லித்தான் தெரிந்தது.

இன்று காலை எலெக்ட்ரிக் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரி, மட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, இது இன்னா வாத்தியம் என்று கேட்டாள். பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல்லாவரம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஒரே ஒரு தடவை. வேலை போனால் எங்காவது பி.டி. டீச்சராகச் சேர்ந்துகொள்ளலாம். ஜெயிக்க முடியுமா என்று தனக்குத் தெரிந்தால் போதும்.

அப்படித்தான் ஆடினாள். வேண்டுமென்று ஓர் அடியைக் கூடச் சிந்தவில்லை. முகர்ஜியும் சும்மா ஆள் இல்லை. மூச்சு வாங்க வைத்தார். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். அதை அவர் நான்கு அடியில் முடித்தார். அவள் இரண்டு அடியிலேயே பந்தை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

குழியைச் சுற்றிப் புல் கிடையாது. எண்ணெய் கலந்து உருட்டிய பழுப்பு மணல்.

அடித்தாள்.

ஜெயிக்க அடித்த அடி. வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, வளைந்து, தாண்டிப் போய் நின்றது.

இப்போது இரண்டு முழம். போட்டால் சமம். சமமும் மோசமில்லை என்று மனசு பேரத்துக்கு வந்தது.

எந்தப் பந்தை எங்கே தவறவிடலாம் என்று வருஷக்கணக்காகப் பழகிய கை. உள்ளே போடு என்றால் அதற்குத் தெரியவில்லை.

அதுவும் போகவில்லை.

மூன்றாவது தட்டில் பந்து உள்ளே விழுந்தது. ஓர் அடியில் தோல்வி.

முகர்ஜி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை குலுக்கினார். இப்படி ஒரு போட்டியை ஆயுசில் பார்த்ததில்லையாம். விசில் அடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

லோகநாதன் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இன்னா வேலம்மா பண்ணிக்கீறே! நாலு முழத்துல ஒண்ணு, ரெண்டு முழத்துல ஒண்ணு... நானே நெசம்னு நம்பிட்டேன். அத்த வுடு. கண்ணுல தண்ணி வருது பாரு, அது எப்படிம்மா வரவெக்கிறே?”

பியூலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பழக்கந்தான் சார்.”