மட்டையும் நிலக்கரியும்

“அந்த மூட்டையை அவுத்துக் காட்டுங்க, அண்ணாச்சி.” எதைக் கேட்கவே கூடாதென்று அப்பா சொல்லித் தரச் சான்று எழுதும் வேலையில் சேர்த்துவிட்டாரோ, அதையே சண்முகப்பிரியா கேட்டுவிடுகிறாள். தென்னை மட்டைத் தூளை எரிகட்டியாக அழுத்தும் ஆலை. தகரக் கூரை ஓட்டைகளில் இறங்கும் வெயில் புழுதியில் குத்தி நிற்கிறது. முதலாளி கணேசமூர்த்தி சிரித்தபடியே மூட்டையின் முடிச்சை அவிழ்க்கிறார். உள்ளே நிலக்கரித் தூள் மினுங்குகிறது. ‘முழுக்க உயிரி எரிபொருள்’ என்ற சான்றிதழ் அவள் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. “நிலக்கரியும் ஒரு காலத்துல மரந்தானட்டி. பி.எஸ்சி. படிச்சவளுக்கு இது தெரியாதாக்கும்?” “அந்த மரம் மனுசனே பொறக்காத காலத்துல செத்தது. மட்டை போன மாசம் இலஞ்சித் தோப்புல விழுந்தது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் எழுத மாட்டேன்.” “அப்போ ஒங்கப்பனும் நாளையிலேருந்து வர வேண்டாம்.” அரவை எந்திரத்தருகே அப்பா தலை நிமிராமல் இருமுகிறார், கறுப்பாகத் துப்புகிறார். அவள் மூட்டையின் நிலக்கரித் தூளில் ஒரு பிடி அள்ளித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு, அவரைக் கடந்து, தென்காசி கலெக்டர் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடக்கிறாள்.