சாயம் போடாத துணி

மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.

ராமாமிர்தம் வரப்பில் நின்றார். அவருடைய கொழுந்தன் பொன்னுரங்கம் எதிர் வரப்பில், இடுப்பில் கைவைத்து, ஏற்கனவே ஜெயித்துவிட்டவர் போல நின்றார். அறுபத்தாறில் கீரப்பாளையம் பிளாக்கில் விவசாயம் சொல்லித்தரும் கிராம சேவக்காகச் சேர்ந்து நான் இழுத்துக்கொண்ட முதல் வம்பு இது.

ராமாமிர்தத்தின் புருஷன், அதாவது பொன்னுரங்கத்தின் அண்ணன், செத்ததும் அந்தக் களர் நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பொன்னுரங்கம் தன் பாதியைத் தரிசாகவே போட்டுவைத்தார். ராமாமிர்தம் தன் பாதியில் ஆட்டுக்கிடை போட்டார், கொளிஞ்சித் தழை வெட்டிவந்து மிதித்தார், மாட்டுக்கொட்டகைக் குப்பையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டினார். ஊரே சிரித்தது.

"செத்த மண்ணுக்கு எதுக்கு அண்ணி வாய்க்கரிசி? எங்கிட்ட எழுதிக் குடுத்துட்டு ஒங்கண்ணன் வூட்டுக்குப் போயிச் சேரு." இது பொன்னுரங்கத்தின் அன்றாடப் பாட்டு.

நான்தான் வாயைக் கொடுத்தேன். செத்ததா இல்லையா, சோதித்துப் பார்த்துவிடலாம். சாயம் போடாத பருத்தித் துணி ஒன்று வேண்டும் என்றேன். பாதியை அவர் நிலத்திலும் பாதியை இவர் நிலத்திலும் புதைப்போம். மண்ணில் உயிர் இருந்தால் துணியைத் தின்றுவிடும்.

தன் பக்கத்துத் துணி முழுசாக வந்தால் நிலத்தை விட்டுப் போய்விடுவதாக ராமாமிர்தம் ஊர் நடுவில் ஒப்புக்கொண்டார். அடப்பாவி, உன் படிப்பை நம்பி ஒரு பொம்பளை இருக்கிற நிலத்தையும் பணயம் வைக்கிறாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். மடிப்புக்கூடக் கலையாதது. புருஷனுடைய வேட்டி என்று நினைத்தேன். நான் கத்தரியை எடுப்பதற்குள் பல்லால் கடித்து அவரே கிழித்தார்.

சித்திரை மழை ஈரத்தில் புதைத்தோம். ஆனி கடைசியில் தோண்ட வந்தோம்.

பொன்னுரங்கத்தின் குழியை முதலில் தோண்டினேன். துணி சேறு பூசிக்கொண்டு முழுசாக வந்தது. அலசினால் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது ராமாமிர்தத்தின் குழி. மண் பொலபொலவென்று வந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ இழை தெரிந்தது.

"அதோ பாரு, துணி!" என்று பொன்னுரங்கம் குதித்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மண்டியிட்டு விரலால் தொட்டேன். கரைந்தது.

துணி இல்லை. பூஞ்சை. துணியைத் தின்றுவிட்டு, துணி கிடந்த இடத்திலேயே வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது. தோண்டத் தோண்ட அதுதான். ஒரு நூல்கூட மிஞ்சவில்லை.

ஆகா! இதையெல்லாம் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்றைக்குத்தான் நம்பினேன். அந்த ஒரு பிடி மண்ணில், கண்ணுக்குத் தெரியாமல், தென்னாற்காடு ஜில்லா ஜனத்தைவிட ஜாஸ்தி உயிர்கள். சாணியும் தழையும் தின்று பெருகி, பசி அடங்காமல் துணியையும் தின்றிருக்கின்றன. எனக்குப் புல்லரித்தது. சத்தமாகவே சொன்னேன்.

ராமாமிர்தம் இரண்டு கையாலும் அந்த மண்ணை அள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ உசுரா சார் எங்கூட இருந்திச்சி?"

பொன்னுரங்கத்துக்கு ரோஷம். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு, தன் குழியில் கிடைத்த துணியை வாய்க்காலில் முக்கி அலசினார். உதறிப் பிரித்தார். பிரியப் பிரிய நீண்டது. வேட்டி இல்லை. பாதிப் புடவை.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணி... அண்ணன் கருமாதியில ஒனக்குப் போட்ட வெள்ளக் கோடிப் பொடவையா இது?"

ராமாமிர்தம் கையை நீட்டினார். சொட்டச் சொட்ட அதை வாங்கிக்கொண்டு, வரப்பைத் தாண்டித் தன் பக்கத்துக் குழியருகே வந்தார்.

"அந்தக் குழிய மூடிடாதீங்க சார்" என்றார்.